சிறுவர் நூல்கள் வழியாக ஜப்பானிய மொழி கற்றல்

ஜப்பானிய மொழியைத் தாமாகவே கற்கத் தொடங்குபவர்களுக்கு அடிக்கடி சொல்லப்படும் ஆலோசனை, சிறு குழந்தைகளுக்கான படக்கதைப் புத்தகங்களைப் படியுங்கள் என்பதாகும். ஹிரகனா எழுத்துகளைக் கற்று முடித்த கையோடு பலரும் அப்படியொரு புத்தகத்தைத் தேடிப் பிடிக்கிறார்கள். மூன்று வயது முதல் என்று அதில் போட்டிருக்கும். முதல் பக்கத்தில் மூன்றே வரிகள்தான் இருக்கும். ஆனால் அந்த மூன்று வரிகளில் நான்கைந்து சொற்கள் தெரியாதவையாக இருக்கும். பாடநூலில் பழகிய வினை வடிவங்களும் கண்ணில் படாது. மூன்று வயதுக் குழந்தைக்குப் புரிவது தமக்குப் புரியவில்லையே என்ற சோர்வில் புத்தகத்தை மட்டுமல்லாமல் மொழியையே கைவிடுவோர் உண்டு.

இதற்குக் காரணம் கற்பவரின் திறமைக் குறைவு அன்று. சிறுவர் நூல் தொடக்கநிலை மாணவருக்காக எழுதப்பட்டதன்று. மொழியை முன்பே காதால் கற்றுவிட்ட ஒருவருக்காக எழுதப்பட்டது. இதை மனத்தில் வைத்துப் படித்தால் பாடநூல்கள் தராத பலவற்றை அது தரும். தமிழ் தெரிந்தவருக்கு அதில் எது எளிது, எது கடினம் என்பதும் ஆங்கிலத்தின் வழியே ஜப்பானியம் கற்பவருக்கு இருப்பது போல இராது.

யாருக்காக எழுதப்படுகின்றன?

ஜப்பானில் படக்கதைப் புத்தகத்தை எஹொன் என்பர். 'எ' என்றால் படம், 'ஹொன்' என்றால் புத்தகம். ஃபுக்குயின்கன் பதிப்பகம் 1956இல் தொடங்கிய 'கொதொமொ நொ தொமொ' (குழந்தைகளின் நண்பன்) என்ற மாத வெளியீடு இத்துறையில் பெரும் மாற்றத்தை உண்டாக்கியது. ஒவ்வொரு இதழும் ஒரு முழுக் கதைப் புத்தகமாக வந்தது. ரியேகோ நககவா எழுதிய 'குரி தொ குரா' 1963இல் இவ்வாறு வெளியானதே. இரண்டு காட்டெலிகள் காட்டில் ஒரு பெரிய முட்டையைக் கண்டெடுத்து அதில் கேக் செய்து எல்லா விலங்குகளுக்கும் பகிர்ந்து கொடுக்கும் கதை அது. இன்றும் ஜப்பானியக் குழந்தைகள் அதைக் கேட்டு வளர்கிறார்கள்.

'கேட்டு' என்ற சொல் இங்கே முக்கியமானது. இப்பதிப்பகத்தின் பல நூல்களில் இரண்டு வயதுக் குறிப்புகள் அச்சிடப்பட்டிருக்கும். பெரியவர் படித்துக் காட்டுவதானால் மூன்று வயது முதல் என்றும், குழந்தை தானே படிப்பதானால் தொடக்கப்பள்ளியின் கீழ் வகுப்புகள் என்றும் இருக்கும். இரண்டுக்கும் இடையே மூன்று நான்கு ஆண்டுகள் இடைவெளி. அயல்மொழியாகக் கற்பவர் முதல் எண்ணைப் பார்த்து நூலை வாங்குகிறார். அவர் பார்க்க வேண்டியது இரண்டாவது எண்ணை. தானே படிக்கும் ஆறேழு வயதுக் குழந்தையும் பல ஆயிரம் சொற்களைக் காதால் அறிந்த பிறகே அந்தப் பக்கத்தைத் திறக்கிறது. அதற்குப் புதிதாக இருப்பவை எழுத்துகள் மட்டுமே. கற்பவருக்கோ நிலைமை தலைகீழ்: எழுத்து தெரியும், சொல் தெரியாது.

எழுத்தும் அதன் சிக்கலும்

ஜப்பானியத்தில் மூன்று எழுத்து முறைகள் கலந்து எழுதப்படுகின்றன. ஹிரகனாவும் கதகனாவும் ஒலியெழுத்துகள். ஒவ்வொன்றிலும் 46 அடிப்படை எழுத்துகள் உண்டு. மூன்றாவது, சீனத்திலிருந்து வந்த கஞ்சி (நாம் குடிக்கும் கஞ்சி அன்று). தொடக்கப்பள்ளியின் ஆறு ஆண்டுகளில் 1,026 கஞ்சி எழுத்துகள் கற்பிக்கப்படுகின்றன. முதல் வகுப்பில் கற்பிக்கப்படுபவை 80. ஆகவே சிறு குழந்தைகளுக்கான நூல்கள் பெரும்பாலும் ஹிரகனாவிலேயே இருக்கும். சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கான நூல்களில் கஞ்சி எழுத்தின் பக்கத்திலோ மேலேயோ அதன் ஒலிப்பைச் சிறிய ஹிரகனாவில் அச்சிடுவார்கள். இதற்கு ஃபுரிகனா என்று பெயர்.

ஒலியெழுத்துகளின் அகரவரிசையைத் தமிழர் ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிடலாம். உயிர்கள் அ, இ, உ, எ, ஒ என்ற வரிசையில் வருகின்றன. பிறகு க, ஸ, த, ந, ஹ, ம, ய, ர, வ. நம் நெடுங்கணக்கின் சாயல் இதில் தெரிவது தற்செயல் அன்று. பௌத்தத்தோடு சென்ற சமஸ்கிருத எழுத்துக் கல்வியின் செல்வாக்கில் அமைந்த வரிசை இது. 'ஹ' நிற்கும் இடத்தில் பழங்காலத்தில் 'ப' ஒலி இருந்தது என்பது மொழியியலாளர் கருத்து. அதைப் பொருத்திப் பார்த்தால் ஒற்றுமை இன்னும் தெளிவாகும். ஜப்பானிய அகராதியைப் புரட்டவும் இந்த வரிசையே போதும்.

ஆனால் ஹிரகனா மட்டுமே உள்ள பக்கம் எளிதானது என்று எண்ணிவிடக் கூடாது. பொதுவான ஜப்பானிய எழுத்தில் சொற்களுக்கு இடையே இடைவெளி கிடையாது. எது எங்கே முடிகிறது என்பதைக் கஞ்சியே காட்டும். சிறுவர் நூல்களில் அதற்கு மாற்றாகச் சொல்லையும் அதன் உருபையும் சேர்த்து எழுதி, அடுத்ததற்கு முன் இடைவெளி விடுகிறார்கள். இது நல்ல உதவி. தீராத சிக்கல், ஒரே ஒலியில் பல பொருள் இருப்பது. 'கமி' என்பது காகிதமாகவும் தலைமுடியாகவும் கடவுளாகவும் இருக்கலாம். 'அமெ' என்பது மழையா மிட்டாயா என்பது படத்தைப் பார்த்தால்தான் தெரியும். சில இடங்களில் இலக்கணம் கைகொடுக்கும். 'குமொ' என்றால் மேகம், சிலந்தி இரண்டும். உயிருள்ளவற்றுக்கு 'இரு' என்ற வினையும் உயிரற்றவற்றுக்கு 'அரு' என்ற வினையும் வருவதால், 'குமொ இரு' என்றால் அது சிலந்திதான். தமிழில் இரண்டுக்கும் 'இருக்கிறது' என்றே சொல்வோம்.

தமிழ் எழுத்தில் ஜப்பானியத்தைக் குறித்து வைத்துக்கொண்டு கற்க வேண்டாம். இக்கட்டுரையில் வேறு வழியின்றி அப்படி எழுதப்பட்டாலும், மாணவர் ஹிரகனாவிலேயே எழுதிப் பழக வேண்டும். ஜப்பானியத்தில் வல்லொலியும் மெல்லிய ககர, தகர, பகர ஒலிகளும் பொருளை மாற்றும். தமிழ் எழுத்து அவற்றை வேறுபடுத்துவதில்லை. 'சொல்' என்று பொருள்படும் சொல்லையும், குச்சியில் குத்தித் தரும் அரிசிமாவு உருண்டையின் பெயரையும் நாம் 'தங்கோ' என்றே எழுத முடியும். முதல் எழுத்து தமிழ் 'தங்கம்' என்பதில் போல ஒலித்தால் சொல். 'தனம்' என்ற வடசொல்லில் போல ஒலித்தால் பலகாரம்.

வேறொரு பக்கத்தில் தமிழருக்கு ஆதாயம் உண்டு. குறில் நெடில் வேறுபாடும் ஒற்று இரட்டிப்பதும் நமக்குப் பழக்கமானவை. 'ஒபஸன்' என்றால் அத்தை, பெரியம்மா வயதுப் பெண். 'ஒபாஸன்' என்றால் பாட்டி. கதைகளில் பாட்டியும் தாத்தாவும் பக்கத்துக்குப் பக்கம் வருவதால் இது சிறு விஷயம் அன்று. 'கிதெ' என்றால் வந்து. 'கித்தெ' என்றால் தபால்தலை. படு, பட்டு என்று வேறுபடுத்திப் பேசும் வாய்க்கு இது இயல்பாக வரும்.

தமிழருக்கு எளிதாக வரும் வாக்கிய அமைப்பு

சிறுவர் கதைகளில் மிகுதியாக வருவது, ஒரு செயலை அடுத்து இன்னொரு செயலைக் கோத்துச் செல்லும் நீண்ட வாக்கியம். எழுந்து, முகம் கழுவி, சாப்பிட்டு, பள்ளிக்குப் போனான் என்பதைப் போன்றது. 'ஒகிதெ' (எழுந்து), 'அரத்தெ' (கழுவி), 'தபெதெ' (சாப்பிட்டு) என்று வினையெச்சங்கள் வரிசையாக வந்து, கடைசியில் ஒரு வினைமுற்று வாக்கியத்தை முடிக்கும். ஆங்கில வழியில் கற்பவர் இதற்குப் பல பாடங்கள் படிக்கிறார். தமிழருக்கு இது தாய்மொழியின் நடை.

இரண்டு வினைகள் சேரும் முறையும் அப்படியே. 'தபெதெ மிரு' என்பதில் 'மிரு' என்றால் பார். முழுப் பொருள் சாப்பிட்டுப் பார். 'ஷிதெ ஒகு' என்பதில் 'ஒகு' என்றால் வை, செய்து வை. 'மொத்தெ குரு' கொண்டு வா, 'மொத்தெ இகு' கொண்டு போ. 'ஷிதெ அகெரு' செய்து கொடு. இவற்றை விதியாக மனப்பாடம் செய்வதைவிட, கதையில் பார்க்கும்போதே தமிழில் சொல்லிப் பார்த்துக்கொள்வது விரைவான வழி. கொடுப்பதில் மட்டும் கவனம் தேவை. என் பக்கத்திலிருந்து வெளியே செல்லும் கொடைக்கு 'அகெரு', என் பக்கம் வரும் கொடைக்கு 'குரெரு' என இரு வினைகள் உண்டு. தரு என்பதைத் தன்மை முன்னிலைக்கும், கொடு என்பதைப் படர்க்கைக்கும் தொல்காப்பியம் வகுத்தது நினைவுக்கு வரலாம். எனினும் இரண்டும் அப்படியே பொருந்துபவை அல்ல.

சிறு உருபுகளும் அறிமுகமானவை போலவே நடந்துகொள்ளும். 'மொ' நம் 'உம்'. நானும் என்பது 'வதஷி மொ'. 'தொ' என்பது 'என்று'. கதாபாத்திரம் பேசியதை முடித்து 'தொ' போட்டுச் சொன்னான் என்பார்கள். வாக்கிய இறுதியில் 'க' வந்தால் கேள்வி. நம் 'ஆ' போல. சுட்டுச் சொற்கள் 'கொரெ' (என்னருகே இருப்பது), 'ஸொரெ' (உன்னருகே இருப்பது), 'அரெ' (இருவருக்கும் தொலைவில் இருப்பது), 'தொரெ' (எது) என நான்கு. தமிழகத் தமிழில் 'உது' வழக்கொழிந்துவிட்டதால் நடுவில் உள்ளது சற்றுத் தடுமாற வைக்கும். யாழ்ப்பாணத் தமிழில் இது, உது, அது மூன்றும் வாழ்வதால் அங்குள்ள வாசகருக்கு விளக்கமே தேவையில்லை.

இத்தகைய ஒற்றுமைகளை வைத்து இரு மொழிகளும் உறவுடையவை என்று ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ (1919–2008) வாதிட்டார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோர் அவரோடு இணைந்து ஆய்வு செய்தனர். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அந்த உறவை ஏற்கவில்லை. வினைமுற்று இறுதியில் வரும் மொழிகள் பலவற்றில் இத்தகைய அமைப்பைக் காணலாம் என்பது அவர்களின் விளக்கம். கற்பவருக்கு உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பயன் ஒன்றுதான்.

ஆனால் ஓர் இடத்தில் தமிழ்ப் பழக்கம் நம்மைக் கைவிடும். வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தது என்று தமிழ் வினை தன் எழுவாயைச் சொல்லிவிடுகிறது. அதனால் எழுவாயை விட்டுவிட்டுப் பேசினாலும் குழப்பம் இல்லை. ஜப்பானியரும் எழுவாயை விட்டுவிடுகிறார்கள். ஆனால் அவர்களின் 'கித' (வந்தது) யார் வந்தாலும் 'கித'தான். யார் சொன்னது, யார் ஓடியது என்று பக்கத்தின் நடுவில் திகைத்து நிற்பது தமிழ் வாசகருக்கு அடிக்கடி நேரும். படக்கதைப் புத்தகம் பயன்படும் இடம் இதுவே. தமிழில் வினைவிகுதி செய்யும் வேலையை அங்கே படம் செய்கிறது. வாயைத் திறந்திருப்பது நரியா, முயலா என்று பார்த்தால் போதும். எனவே வரியைப் படிக்கும் முன் படத்தை நன்றாகப் பார்க்க வேண்டும்.

ஒலிக்குறிப்புச் சொற்கள்

பாடநூல்களில் மிகக் குறைவாகவும் சிறுவர் நூல்களில் மிக அதிகமாகவும் இருப்பவை இரட்டித்து வரும் ஒலிக்குறிப்புகள். 'கிரகிர' என்றால் பளபள. 'ஃபுவஃபுவ' என்றால் பஞ்சுபோல் மெத்தென்று இருப்பது. 'வன்வன்' நாயின் குரைப்பு. ஆங்கிலத்தில் இவற்றை விளக்க ஒரு வாக்கியம் தேவைப்படும். நமக்கு இரட்டைக்கிளவி என்றாலே போதும். சலசல, விறுவிறு போன்றவற்றை நாம் பிரிக்காமல் சொல்வது போலவே அவையும் இரட்டித்தே பொருள் தரும். மேலும் ஒரு வியப்பு: கலகலவென்று சிரித்தாள் என நாம் 'என்று' சேர்ப்பது போல, அவர்களும் இச்சொற்களின் பின் 'தொ' என்ற அதே மேற்கோள் உருபைச் சேர்க்கிறார்கள்.

முன்பு சொன்ன ஒலி வேறுபாடு இங்கே திரும்ப வந்து நிற்கிறது. சிறு கொட்டை உருள்வது வல்லொலியில் தொடங்கும் 'கொரொகொரொ'. பெரும் பாறை உருள்வதும் இடி உருமுவதும் மெல்லொலியில் தொடங்கும் 'கொரொகொரொ'. வல்லொலி சிறியது, இலேசானது; மெல்லொலி பெரியது, கனமானது. ஜப்பானியக் குழந்தை இதை விதியாகக் கற்பதில்லை, கேட்டுக் கேட்டு உணர்கிறது. ஹிரகனாவில் மெல்லொலியைக் காட்ட எழுத்தின் மேல்மூலையில் இரண்டு சிறு கோடுகள் இடுவர். அவற்றைக் கவனிக்காமல் படித்தால் பாறை கொட்டையாகிவிடும்.

இச்சொற்கள் குழந்தைகளுக்கு மட்டும் உரியவை என்று ஒதுக்கக் கூடாது. மருத்துவரிடம் வலியைச் சொல்லும்போதும் உணவின் பதத்தைச் சொல்லும்போதும் பெரியவர்கள் இவற்றையே பயன்படுத்துகிறார்கள்.

அதே நேரத்தில், சிறுவர் நூலில் உள்ள எல்லாவற்றையும் வெளியில் பேச முடியாது. நாயை 'வன்வன்' என்றும் சோற்றை 'மம்ம' என்றும் சொல்வது மழலைப் பேச்சு. நம் வீட்டு மம்மு, சோச்சி போன்றது. பழங்கதைத் தாத்தா தன்னை 'வஷி' என்று குறிப்பிடுவார். அது கதையிலும் திரைப்படத்திலும் முதியவருக்கு அணிவிக்கும் பேச்சு. கற்பவர் வேலைக்கான நேர்காணலில் அப்படிப் பேசினால் சிரிப்புதான் வரும். பாடநூல்கள் மரியாதை வடிவமான 'மஸு' ஈற்று வினைகளோடு தொடங்குகின்றன. கதையில் பிள்ளைகளும் விலங்குகளும் தங்களுக்குள் அந்த ஈறு இல்லாமல் பேசிக்கொள்ளும். கதைசொல்லி பல நூல்களில் 'மஸு' வடிவில் சொல்ல, உரையாடல் எளிய வடிவில் அமையும். ஒரே பக்கத்தில் இரண்டையும் பார்ப்பதால், யாரிடம் எப்படிப் பேசுவது என்பது விளங்கும்.

எதில் தொடங்கலாம்?

மியோகோ மட்ஸுதனி எழுதிய 'இனய் இனய் பா' (1967) ஜப்பானில் மிக அதிகமாக விற்ற படக்கதை நூல். முகத்தை மூடித் திறந்து காட்டும் விளையாட்டே அதன் பொருள். சில நிமிடங்களில் படித்துவிடலாம். முழுப் புத்தகத்தை முடித்தேன் என்ற மகிழ்ச்சியைத் தரும், அவ்வளவே. மொழி கற்க அதைவிட உகந்தவை, ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வரும் கதைகள். பெரிய கிழங்கு ஒன்றைத் தாத்தா, பாட்டி, பேத்தி, நாய், பூனை, எலி எனச் சேர்ந்து இழுக்கும் ரஷ்ய நாட்டுப்புறக் கதை 'ஓகின கபு' என்ற பெயரில் ஜப்பானியக் குழந்தைகளுக்கு நன்கு அறிமுகமானது. ஒரு வாக்கியம் புரிந்துவிட்டால் அடுத்த பக்கத்தில் அது ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு திரும்ப வரும். ஆறாவது முறை வரும்போது அகராதி தேவைப்படாது.

முன்பே தெரிந்த கதையின் மொழிபெயர்ப்பும் நல்லது. எரிக் கார்ல் எழுதிய பசித்த புழுவின் கதை ஜப்பானியத்தில் 'ஹரபெகொ அஒமுஷி' என்று கிடைக்கிறது. கிழமைகள், பழங்களின் பெயர்கள், எண்கள் எல்லாம் அதில் உண்டு. ஜப்பானியத்தில் எண்ணும்போது பொருளுக்கு ஏற்ப எண்ணுப்பெயர் மாறும்; ஆட்களுக்கு ஒன்று, சிறு விலங்குக்கு ஒன்று, தட்டையான பொருளுக்கு ஒன்று. தமிழில் ஒருவர், இருவர் என்று மனிதருக்கு மட்டும் எஞ்சியிருக்கும் பழக்கம் அங்கே எல்லாவற்றுக்கும் பரவியிருக்கிறது. பட்டியலாகக் கற்றால் மறந்துபோகும் இவை படத்தோடு கண்டால் தங்கும்.

அன்றாட வாழ்க்கைச் சொற்களுக்கு 'ஹஜிமெதெ நொ ஒத்ஸுகய்' (முதன்முதலாகக் கடைக்குப் போதல்) பரிந்துரைக்கத்தக்கது. ஐந்து வயதுச் சிறுமி தனியாகப் பால் வாங்கப் போகும் கதை. வழியில் விழுவதும், கடையில் அவள் குரல் யாருக்கும் கேட்காமல் போவதும் எந்த நாட்டுக் குழந்தைக்கும் நேர்வதே. பழங்கதைகளை இதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். நம் 'ஒரே ஒரு ஊரிலே' போல அவை 'முகஷி முகஷி' என்று தொடங்கும். அருவாள், விறகு, உலை போன்ற இன்று புழங்காத பொருள்களின் பெயர்கள் அவற்றில் நிறைய.

குழந்தைகளுக்காக அல்லாமல் அயல்நாட்டு மாணவருக்காகவே எழுதப்பட்ட படிநிலை நூல்களும் உண்டு. ததொகு (நிறையப் படித்தல்) என்ற முறையைப் பரப்பும் ஜப்பானியத் தொண்டு நிறுவனம் ஒன்று இத்தகைய சிறு நூல்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. அகராதி பார்க்காமல் படிப்பது, புரியாததைத் தாண்டிச் செல்வது, பிடிக்காவிட்டால் வேறு நூலுக்கு மாறுவது ஆகியவை அம்முறையின் விதிகள். அடிப்படைச் சொற்கள் இன்னும் சேராதவர் இவற்றிலிருந்து தொடங்கிப் பிறகு சிறுவர் நூலுக்கு வருவதே முறையாக இருக்கும். இந்நூல்கள் சொற்களை அளந்து தருபவை. கதைச் சுவையில் சிறுவர் நூல்களுக்கு ஈடாகா.

படிக்கும்போது

முதல் முறை படங்களை மட்டும் பார்த்துக் கதையை ஊகிக்கலாம். அடுத்து உரக்கப் படிக்க வேண்டும். காதுக்காக எழுதப்பட்ட நூலை மௌனமாகப் படித்தால் அதன் பாதி பயன் போய்விடும். உருபாக வரும்போது 'ஹ' எழுத்து 'வ' என்றும், 'ஹெ' எழுத்து 'எ' என்றும் ஒலிக்கும் என்பது உரக்கப் படிக்கும்போதுதான் நாவில் பதியும். மூன்றாம் முறை, இரண்டு தடவைக்கு மேல் வந்த சொற்களுக்கு மட்டும் அகராதியைத் திறந்தால் போதும். எல்லாச் சொல்லையும் தேடினால் ஒரு கதைக்கு ஒரு வாரம் ஆகும். அதற்குள் கதை செத்துவிடும். படக்கதை நூல்கள் பெரும்பாலும் முப்பது பக்க அளவில் அமைவதால், ஒரே நூலைப் பத்து முறை படிப்பது பத்து நூல்களை ஒருமுறை புரட்டுவதைவிட எளிது, பயனும் அதிகம். குழந்தையும் அதைத்தானே கேட்கிறது.

கஞ்சி எழுத்துகளைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கவும் கூடாது. சில மாதங்களில் ஹிரகனா மட்டுமே உள்ள பக்கம் படிக்கத் தொல்லையாகத் தோன்றும்; அது வளர்ச்சியின் அடையாளம். அப்போது ஃபுரிகனா இட்ட நூல்களுக்குப் போகலாம். யுதகா ஹரா 1987இல் தொடங்கிய 'கைகெத்ஸு ஸொரொரி' என்ற குறும்புக்கார நரியின் கதைவரிசை, பக்கமெங்கும் படங்களும் சிலேடைகளுமாக இருக்கும். பதிப்புரிமை முடிந்த நூல்களை 1997 முதல் இணையத்தில் ஏற்றிவரும் அஒஸொர புன்கொ தளத்தில் நன்கிச்சி நீமி (1913–1943) எழுதிய கதைகள் கிடைக்கின்றன. அவரது 'கொன் கித்ஸுனெ' (1932) நான்காம் வகுப்புப் பாடநூல்களில் நெடுங்காலமாக இடம்பெறுவது. ஒரு கிராமத்தானுக்குச் செய்த தீங்கை ஈடுசெய்ய முயலும் நரியின் கதை, முடிவு துயரமானது. சிறுவர் நூல் என்பதால் மென்மையாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் படிப்பவருக்கு அதிர்ச்சி தரும்.

தெத்ஸுகோ குரொயனகி எழுதிய 'டோட்டோ-சான்' (1981) தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாக வந்து பரவலாகப் படிக்கப்பட்டது. ஜப்பானில் அதன் ஃபுரிகனா இட்ட சிறுவர் பதிப்பு உண்டு. தமிழ் நூலையும் அதையும் அருகருகே வைத்து ஒரு அத்தியாயத்தைப் படிப்பது, ஓராண்டு படித்து முடித்தவருக்கு நல்ல பயிற்சி. மூலத்தில் அச்சிறுமி பெரும்பாலும் 'அவள்' என்று குறிக்கப்படுவதில்லை. பெயரே மீண்டும் மீண்டும் வரும், அல்லது எழுவாயே இராது. தமிழில் 'ஓடினாள்' என்று ஓர் ஈற்றெழுத்தில் முடிந்துவிடுகிற வேலை அது.